'ட்ரை' என்றால் மூன்றா, காய்ந்ததா? வேதியியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வேதியியல் பாடநூல்களைத் தமிழில் எழுதுகிற, சரிபார்க்கிற, தேர்வுக்கு விடைக்குறிப்பு ஆக்குகிற ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

நெல்லைச் சீமையின் தென்கோடியில் ஓர் அரசுப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், ட்ரை ஐஸ்னா மூணு ஐஸா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்புறம்தான் உறைத்தது. அன்று காலை பள்ளியில் மோனோ, டை, ட்ரை, டெட்ரா என்று பட்டியலை ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறான். தமிழில் எழுதினால் மூன்றைக் குறிக்கும் ட்ரையும் காய்ந்ததைக் குறிக்கும் ட்ரையும் ஒரே எழுத்துதான். அவன் கேள்வியில் என்ன தப்பு? வேடிக்கை என்னவென்றால், அந்த ஐஸ் உறைந்த கார்பன் டைஆக்சைடு. அதன் பெயரில் இருப்பது டை, அதாவது இரண்டு. அதைச் சொன்னேன். "டைன்னா கழுத்துல கட்டுறதுல்லா சார்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அன்றைய பாடம் அதோடு முடிந்தது. இந்த மடல் அன்று இரவு தொடங்கியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாய்பாடுகளை இந்த மடலில் பிள்ளைகள் வாயால் சொல்கிறபடி தமிழெழுத்திலேயே எழுதப் போகிறேன்: சிஓ₂, என்₂ஓ₄ என்று. பலகையில் ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறோம், எழுதவும் வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை பெயர்களைப் பற்றியது. அதிலும் எளிய மூலக்கூறு சேர்மங்களின் பெயர்களைப் பற்றியது. இரண்டு அலோகங்கள் சேர்ந்த சேர்மம் ஒன்றின் வாய்பாட்டைக் கொடுத்தால் பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம். இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் தடுக்கி விழுகிற பிள்ளைகளை முப்பது வருடமாகப் பார்த்தவன் நான்.

விதிகள் சுருக்கமானவை. எலக்ட்ரான் கவர்தன்மை குறைந்த தனிமம் முதலில் வரும், அதன் பெயர் மாறாது. மற்றது பின்னால் வரும், அதன் வாலில் 'ஐடு' ஒட்டும். அணுக்கள் எத்தனை என்பதை முன்னொட்டு சொல்லும். முதல் தனிமம் ஒன்றே ஒன்று என்றால் மோனோ போட வேண்டாம். இதை எந்தப் பாடநூலும் தப்பாகச் சொல்லவில்லை. ஏன் என்பதைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஒரு வருடம் தேர்வுத்தாளில் ஒரு மாணவி ஏஎல்₂ஓ₃-க்கு டைஅலுமினியம் ட்ரைஆக்சைடு என்றும், என்₂ஓ₅-க்கு நைட்ரஜன் ஆக்சைடு என்றும் எழுதியிருந்தாள். இரண்டுக்கும் சுழி. தாளை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து கேட்டாள்: "அலுமினியத்துக்கு எண்ணக் கூடாது, நைட்ரஜனுக்கு எண்ணணும்னா, யாருக்கு எண்ணணும்னு எப்படி சார் தெரியும்?" அந்தக் கேள்விக்கு அவள் கையில் இருந்த புத்தகத்தில் பதில் இல்லை. அயனிச் சேர்மங்களுக்கு ஒரு பெட்டி, மூலக்கூறு சேர்மங்களுக்கு ஒரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு வரிகூட இல்லை.

நான் அவளுக்குச் சொன்னது இது. அலுமினியமும் ஆக்சிஜனும் கொடுக்கல் வாங்கல் செய்கிறவர்கள். அலுமினியம் மூன்று எலக்ட்ரான் கொடுக்கும், ஆக்சிஜன் இரண்டு வாங்கும். கணக்கு நேராக வேண்டுமென்றால் இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஆக்சிஜன். வேறு வழியே கிடையாது. ஆள் பேரைச் சொன்னாலே தொகை தெரிந்துவிடுகிற கடன் அது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அப்படியில்லை. அது கூட்டு வியாபாரம், எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொள்வது. எத்தனை பங்காளிகள் என்று பத்திரத்தில் எழுதினால்தான் தெரியும். அந்தப் பத்திரம்தான் பெயர். (இரும்பு போலக் கொடுக்கும் அளவை மாற்றுகிற உலோகங்களுக்கு ரோமன் எண் போடுகிறோம். அங்கேயும் காரணம் இதேதான்.)

நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாடத்தை நடத்த அதைவிட நல்ல குடும்பம் கிடையாது. என்₂ஓ, பல் பிடுங்கும்போது மயக்கம் தருகிற, சிரிப்பு வாயு என்று பெயர் பெற்ற வாயு. ஹம்ஃப்ரி டேவி தானே முகர்ந்து பார்த்து 1800-இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். என்ஓ, நம் உடம்பே சுரந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடுகிற வாயு; அதைக் கண்டுசொன்ன மூவருக்கு 1998-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. என்ஓ₂, செம்பழுப்பாக, நெஞ்சை அடைக்கிற வாயு. வண்டிப் புகையில் உண்டு. என்₂ஓ₃ குளிரில் நீல நிறத் திரவம். என்₂ஓ₅ வெள்ளைப் படிகம், தண்ணீரில் போட்டால் நைட்ரிக் அமிலம். ஒரே இரண்டு தனிமங்கள். எண்ணிக்கை மாற மாற மருந்து, விஷம், நீலம், வெள்ளை. நைட்ரஜன் ஆக்சைடு என்று மட்டும் எழுதினால் இதில் எதை எழுதினாள் அந்தப் பெண்?

என்₂ஓ₄-ஐ வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மகேந்திரகிரி தெரியும். அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. விகாஸ் எஞ்சினைச் சோதிக்கிற நாளில் மலை அதிர்கிற சத்தம் கேட்கும். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தை உந்துவது அந்த எஞ்சின்தான். அதில் எரிபொருளை எரிக்க உதவுகிற ஆக்சிஜனேற்றி டைநைட்ரஜன் டெட்ராக்சைடு. என் மாணவர்களில் சிலருடைய அப்பாக்கள் அந்த வளாகத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் பிள்ளைகளே என்₂ஓ₄-ஐப் பார்த்ததும் இரண்டால் வகுத்து என்ஓ₂ ஆக்கி, நைட்ரஜன் டைஆக்சைடு என்று எழுதுவார்கள். கணக்கு வாத்தியார் பின்னத்தைச் சுருக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் அல்லவா? அயனிச் சேர்மத்தில் அப்படிச் சுருக்குவது சரியும்கூட. மூலக்கூறில் சுருக்கினால் ஆளே மாறிவிடுகிறான். இத்தனைக்கும் இந்த இரண்டும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருப்பவை: குளிர்வித்தால் பழுப்பு வெளிறும், சூடாக்கினால் கருக்கும். இந்த ஒரு காட்சியைப் பாடத்தின் முதல் பக்கத்தில் வைத்தால், எண்ணிக்கை ஏன் பெயருக்குள் வர வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சிஓ, சிஓ₂ வேறுபாட்டை எல்லாப் புத்தகமும் சொல்கிறது. ஆனால் உயிரோடு ஒட்டிச் சொல்வதில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காகப் பூட்டிய அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் விடியும்போது எழுந்திருக்கவில்லை என்று அவ்வப்போது செய்தித்தாளில் படிக்கிறோம். சோடாவில் பொங்குவது டை. அவர்களைக் கொன்றது மோனோ. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்வது அது. 'கரியமில வாயு' என்ற பழைய பெயரில் இந்த எண்ணிக்கை இல்லை. அந்தப் பெயர் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், இலங்கையிலிருந்து வந்து முகாமில் தங்கியிருந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி என் வகுப்பில் சேர்ந்தாள். பலகையில் சிஓ₂ எழுதிப் பெயர் கேட்டேன். எழுந்து நின்று 'காபனீரொட்சைட்டு' என்றாள். வகுப்பே சிரித்தது. "சிஓ?" என்றேன். 'காபனோரொட்சைட்டு' என்றாள். "எஸ்ஓ₃?" என்றதும் 'கந்தகமூவொட்சைட்டு'. சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கு அடுத்து நான் கேட்டது அவள் படித்திராத சேர்மம்: பிசிஎல்₅. ஒரு கணம் நின்று விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, 'பொசுபரசு ஐங்குளோரைட்டு' என்று தானாகவே கட்டிச் சொன்னாள்.

பட்டியலை மனப்பாடம் செய்த என் பிள்ளைகள் புதிய வாய்பாட்டைக் கண்டால் பட்டியலைத் தேடினார்கள். அவள் தேடவில்லை, எண்ணினாள். ஓர், ஈர், மூ, நால், ஐ. அவளுக்கு அவை வேதியியல் சொற்களே இல்லை, பிறந்ததிலிருந்து பேசிய எண்கள். காபன் + ஈர் + ஒட்சைட்டு என்று பிரித்துக் காட்டியபோது முன் வரிசைப் பையன் ஒருவன், "சார், இது தமிழ் ஐயா நடத்துற புணர்ச்சிலா?" என்றான். ஆமாம், அதேதான்.

பாருங்கள். ஒரு மரம் என்கிறோம், ஓர் ஊர் என்கிறோம். இருவகை, ஆனால் ஈராண்டு. முக்கனி, ஆனால் மூவுலகு. நாற்காலி, ஆனால் நாலாயிரம். ஐம்பொறி, ஆனால் ஐயாயிரம். பின்னால் உயிரெழுத்து வந்தால் எண் ஒரு வடிவம் எடுக்கிறது, மெய் வந்தால் வேறு வடிவம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது காதில் பழகிய விஷயம். மோனோவும் ஆக்சைடும் சேர்ந்தால் மோனாக்சைடு. டெட்ராவும் ஆக்சைடும் சேர்ந்தால் டெட்ராக்சைடு. ஆனால் டெட்ராகுளோரைடு, டெட்ராபுளூரைடு. கிரேக்கத்திலிருந்து வந்த முன்னொட்டும் உயிரெழுத்தைக் கண்டால் வாலைச் சுருட்டிக்கொள்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க நன்னூலே கையில் இருக்கும்போது, 'உயிரெழுத்து வரின் முன்னொட்டின் இறுதி உயிர் நீக்கப்படும்' என்று ஒரு வறண்ட வரியை எழுதி அதற்குக் கீழே கோடு போடுகிறோம்.

(இடையில் ஒரு சின்ன ரசனை. அந்தப் பட்டியலில் எட்டு வரை கிரேக்க வழியில் வந்துவிட்டு ஒன்பதுக்கு மட்டும் லத்தீன் 'நோனா' புகுந்துகொள்கிறது. தமிழிலும் எண்பது வரை ஒழுங்காக வந்துவிட்டு ஒன்பதில்தான் 'தொண்ணூறு' என்று தடம் மாறுகிறோம். ஒன்பதுக்கு எந்த மொழியிலும் ஏதோ ஜாதகக் கோளாறு இருக்கும்போல.)

அந்தப் புணர்ச்சி வரிக்கே இன்னொரு வழக்கும் இருக்கிறது. ஒரு பொதுத்தேர்வு மாதிரித் தாளின் விடைக்குறிப்பில் 'டைநைட்ரஜன் டெட்ராஆக்சைடு' என்று எழுதினால் மதிப்பெண் இல்லை, 'டெட்ராக்சைடு' என்றால்தான் உண்டு என்று இருந்தது. தூய, பயன்பாட்டு வேதியியலின் பன்னாட்டு ஒன்றியம் 2005-இல் வெளியிட்ட கனிமப் பெயரிடு விதிகளின்படி, முன்னொட்டின் உயிரெழுத்தை விடவே வேண்டாம். பழக்கத்துக்காக மோனாக்சைடுக்கு மட்டும் விலக்கு. அதாவது, தப்பு என்று சுழிக்கப்பட்ட விடைதான் உலக விதிப்புத்தகத்தின் விடை. வழக்கில் இருப்பது டெட்ராக்சைடு, அதுவும் சரி. இரண்டையும் ஏற்பதில் யாருக்கு என்ன நட்டம்? எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில் எழுத்தைப் பார்த்துச் சிவப்பு மை செலவழிக்கிறோம்.

எழுத்து என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ஒரே பாடத்தில் 'டை ஆக்ஸைடு', 'டை-ஆக்சைடு', 'டைஆக்சைடு' என்று மூன்று கோலம் பார்த்திருக்கிறேன். ஃபுளூரைடு, புளூரைடு, ஃப்ளோரைடு என்று இன்னொரு மூன்று. இடைவெளி விட்டு எழுதினால் பிள்ளை அதை மூன்று தனிச்சொல்லாகப் படிக்கிறது. டை எதைச் சேர்ந்தது, கார்பனையா ஆக்சைடையா என்பது தெரிவதில்லை. 'ஐடு', 'ஐட்டு' குழப்பமோ இதைவிடப் பெரிது. சல்பைடு என்றால் கந்தகமும் இன்னொரு தனிமமும் மட்டும். சல்பைட்டு என்றால் கூடவே ஆக்சிஜனும் உண்டு. அச்சில் ஒரு 'ட்' விழுந்துவிட்டால் சேர்மமே மாறிவிடும். இலங்கையில் இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் 'ஐடு' வருமிடத்தில் சல்பைட்டு என்றும், 'ஐட்டு' வருமிடத்தில் சல்பைற்று என்றும் றகரத்தால் பிரித்துவிட்டார்கள். ஆனால் இரு கரைப் புத்தகங்களையும் படிக்கிற பிள்ளையின் பாடு என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்: அங்கே சல்பைட்டு, இங்கே சல்பைட்டு, இரண்டும் வேறு பொருள்.

இலங்கை வழியை அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெயர்களிலும் ஒரு குறை உண்டு. காபனீரொட்சைட்டு என்று புணர்ச்சி இறுகிவிட்டால், பழகாத கண்ணுக்கு உள்ளே இருக்கும் 'ஈர்' தெரியாது. அதுவும் ஒரு மனப்பாடச் சொல்லாகவே போய்விடும். அது மட்டுமல்ல, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை டைஆக்சைடைத்தான் சந்திக்கப் போகிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தமிழில் கலைச்சொல் ஆக்குவோர் பட்ட பாடும் தெரியும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த காலத்திலிருந்து, 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் கலைச்சொற்களுக்கென்றே சங்கம் வைத்த காலம் வழியாக, இந்த இழுபறி ஒன்றரை நூற்றாண்டாக நடக்கிறது. அதை நான் தீர்க்கப் போவதில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்த முன்னொட்டுப் பட்டியலில் இன்னொரு வரிசை சேருங்கள். மோனோவுக்கு நேரே ஒரு, ஓர், டைக்கு நேரே இரு, ஈர், ட்ரைக்கு மு, மூ, டெட்ராவுக்கு நாற், நால், பென்டாவுக்கு ஐ, ஹெக்சாவுக்கு அறு, ஹெப்டாவுக்கு எழு, ஆக்டாவுக்கு எண். முதல் பத்து வாய்பாடுகளுக்குப் பிள்ளை தமிழில் எண்ணிப் பெயர் கட்டட்டும்: பிஎஃப்₃ போரான் முப்புளூரைடு, சிசிஎல்₄ கார்பன் நாற்குளோரைடு, சிஎஸ்₂ கார்பன் இருசல்பைடு, என்₂ஓ₅ இருநைட்ரஜன் ஐயாக்சைடு. எண்ணுவது கைவந்த பிறகு அதே பத்துக்கும் உலகப் பெயரை எழுதட்டும். என் கடைசிப் பத்து வருட வகுப்புகளில் இப்படித்தான் நடத்தினேன். ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அப்புறம் ட்ரை எது, டெட்ரா எது என்று யாரும் குழம்பியதாக நினைவில்லை. திண்ணைப் பையன் வந்தது வேறு பள்ளியிலிருந்து.

எடுத்துக்காட்டுகளையும் கொஞ்சம் வெளியே போய்த் தேடுங்கள். எஸ்எஃப்₆ என்று எழுதிச் சல்பர் ஹெக்சாபுளூரைடு என்று முடித்துவிடுகிறோம். துணைமின் நிலையத்தில் வேலை பார்க்கிற எந்த லைன்மேனைக் கேட்டாலும் "எஸ்எஃப் சிக்ஸ் பிரேக்கர்" என்பார். மின்பொறியை அணைக்க அந்தப் பெட்டிக்குள் அடைத்திருப்பது இந்த வாயுதான். கசிந்தால் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக் கூடியது. ஆறு புளூரின் என்று வாய்பாட்டை மின்வாரியத்துக்காரரே சொல்கிறார். நம் பாடம் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

இன்னும் பக்கத்தில் இருப்பது டிஏபி உரமூட்டை. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வயல்காட்டு வீட்டுப் பிள்ளைகள். மூட்டையில் 18-46-0 என்று போட்டிருக்கும். நடுவில் இருக்கிற 46 என்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்ட சதவீதம். மூட்டைக்குள் பாஸ்பரஸ் பென்டாக்சைடு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. அது பழைய கணக்கு முறையின் மிச்சம். 50 கிலோ மூட்டையில் உண்மையில் இருக்கும் பாஸ்பரஸ் சுமார் 10 கிலோ. அதோடு நிற்கவில்லை. பென்டாக்சைடு என்கிற பெயர் பி₂ஓ₅ என்கிற சுருக்கிய வாய்பாட்டிலிருந்து வந்தது. நிஜ மூலக்கூறு பி₄ஓ₁₀, நான்கு பாஸ்பரஸ், பத்து ஆக்சிஜன். முறையான பெயர் டெட்ராபாஸ்பரஸ் டெக்காஆக்சைடு. ஆய்வகப் புட்டியில் இன்றைக்கும் பென்டாக்சைடு என்றே ஒட்டியிருக்கும். பெயரை வைத்து வாய்பாடு எழுதச் சொன்னால் பிள்ளை பி₂ஓ₅ எழுதுகிறது. விடைக்குறிப்பு ஒரு வருடம் அதைச் சரி என்கிறது, ஒரு வருடம் பி₄ஓ₁₀ கேட்கிறது. இந்த ஒரு சேர்மத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். சுருக்கிய வாய்பாடு வேறு, மூலக்கூறு வாய்பாடு வேறு என்று தனியாக ஒரு பாடம் நடத்துவதைவிட, அப்பா தோளில் சுமந்து வந்த மூட்டை அதை நன்றாக விளக்கும்.

தண்ணீரையும் அம்மோனியாவையும் மீத்தேனையும் இந்தப் பயிற்சியில் போடாதீர்கள். அவற்றுக்குப் பழைய பெயரே நிலைத்துவிட்டது. ஹைட்ரஜன் வந்தால் எழுதும் வரிசையிலும் ஒழுங்கு குலையும், தொடக்கத்திலேயே விதிவிலக்கைக் காட்டிப் பிள்ளையை மிரட்ட வேண்டாம்.

அடுத்த பதிப்புக்கு அந்த இரண்டு பக்கத்தைத் திருத்துவதாக இருந்தால், அச்சுக்குப் போகும் முன்னால் மெய்ப்புப்படி ஒன்றை எனக்கு அனுப்பி வையுங்கள். திண்ணையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ட்ரை ஐஸ் பையனை வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறேன். எங்கே திக்குகிறானோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறேன். தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
மகேந்திரகிரி அடிவாரம்